கறுவா நொண்டாத பிற்பகல்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் குதிரையை நடத்திப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய கையில் மணிக்கூடு இல்லை. என் மணிக்கூட்டைத்தான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதினொரு நாட்களாக இடது முன்னங்காலை நிலத்தில் முழுதாக ஊன்றாமல் நின்ற குதிரை, மச்சாள் வீட்டுச் சீமெந்து முற்றத்தில் நேராக நடந்தது. நாலு குளம்பும் ஒரே மாதிரிச் சத்தம் போட்டன. அதுவரை மூன்று சத்தமும் பிறகு ஒரு சின்ன இடைவெளியுமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும்.

என் மகள் ஆரணி கை தட்டினாள். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்குப் பதினாலு வயது. அதற்கு முன் எப்போது அப்படிக் கட்டிப்பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவளுடைய தலைமயிரில் வைக்கோல் மணந்தது.

பக்கத்து வளவு

உரும்பிராயில் எங்கள் வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, பக்கத்து வளவில் ஒரு குதிரை நின்றது என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். வாசகி ஒருவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் குதிரையா, அதற்கு என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். தாண்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. இந்த வாரம் தாண்ட முடியாது.

மச்சாள் பத்மா என் கணவரின் தங்கை. பத்தொன்பது வருடம் சுவிஸில் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து, தன் பங்குக் காணியில் எங்களோடு மதில் ஒட்டி வீடு கட்டினாள். பிள்ளைகள் இல்லை. வந்த இரண்டாம் வருடம் ஒரு லொறி நிறைய வைக்கோலும் அதன் பின்னால் நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குதிரையும் வந்து இறங்கின. மண்ணிறம். கறுவா என்று பெயர் வைத்தாள்.

கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் இப்போது எங்களூரில் என்னென்னவெல்லாமோ வருகின்றன. பத்மா கறுவாவையும் வெள்ளி நிறம் பூசிய ஒரு ரதத்தையும் அனுப்பினாள். முதலில் ஏறியவர் கனடாவிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை. தலைப்பாகையோடு பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"சிரியுங்கோ அண்ணை, சிரியுங்கோ!" என்று படம் எடுத்தவர் கத்தினார்.

"இறக்கிவிடுங்கோ, சிரிக்கிறன்" என்றார் மாப்பிள்ளை.

ஆரணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எங்கள் விறாந்தையில் எறிந்துவிட்டு மதிலால் ஏறி விழுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அங்கேயே தேத்தண்ணி. அங்கேயே வீட்டுப்பாடம். கறுவாவின் வாலைப் பின்னிய கையால் பத்மா அவளுக்கும் தலை பின்னிவிடுவாள். அந்தப் பின்னல் நான் பின்னுவதைவிட இறுக்கமாக நிற்கும். இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

என் கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. மாதத்தில் இரண்டு தடவைதான் வருவார். அதனால் பிள்ளைக்கு எதற்கும் அனுமதி கொடுக்க வேண்டியவள் நான்தான். ஆனால் அவள் என்னிடம் கேட்பதில்லை. "மாமி ஓம் எண்டிட்டா" என்று வந்து சொல்வாள். "கவனம்" என்று நான் சொல்வேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் 'ஓம்' பத்மாவினுடையது, 'கவனம்' என்னுடையது.

இந்தத் தொடரில் பொறாமை என்ற சொல்லை இவ்வளவு நாளும் நான் எழுதாமல் தவிர்த்து வந்தேன்.

பல்லுப் பிடுங்கிய நாள்

ஆரணிக்கு ஏழு வயதில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பல் முரசு விறைக்க ஊசி போட்டார்கள். "உணர்ச்சி வரும்வரைக்கும் ஒண்டும் சப்பக் குடுக்காதேங்கோ. தன்ரை சொண்டைத் தானே கடிச்சுப்போடும், தெரியாது" என்று பல் வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரலை அவளுடைய உதட்டில் வைத்தபடி இருந்தேன். அந்த முறை சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பத்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மச்சாள், பிள்ளையை மூச்சு விடவாவது விடுங்கோ. நீங்கள் பயத்திலையே பிள்ளையை ஊறப்போட்டு வளக்கிறியள்."

ஆரணியும் சிரித்தாள். விறைத்த வாய் ஒரு பக்கம் கோணியபடி, பத்மாவோடு சேர்ந்து, என்னைப் பார்த்து.

சொண்டு கடிபடவில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை. பயந்த அம்மாவின் கதையாகத்தான் அந்த நாள் மிஞ்சியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். முள்ளில் மிதித்த கால் மூளையைக் கேட்காமலே எப்படித் தானாக மேலே எழும்புகிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறேன். நரம்பை விறைக்கச் செய்தால் என்ன நடக்கும் என்பது தெரியாமல் நடந்த பிழை இல்லை இது.

டொக்டர் வந்தார்

ஒரு கலியாண ஊர்வலத்தில் தார் றோட்டில் நெடுந்தூரம் நடந்த அடுத்த நாள் கறுவா நொண்டத் தொடங்கியது. ஒழுங்கை முடிகிற இடத்தில் வெங்காயம் செய்கிற சின்னராசா அண்ணை வந்து பார்த்தார். அவர் ஒரு காலத்தில் மாட்டுவண்டிச் சவாரியில் பேர்போனவர். எந்த மிருகமும் அவருக்கு மாடுதான்.

"கால் சந்திலை ஒரு குறி சுட்டுவிட்டால் போயிடும், பிள்ளை."

"சுடுறதெண்டால் முதல் உங்களிலை சுட்டுப் பாப்பம் அண்ணை" என்றாள் பத்மா.

மிருக வைத்தியர் வருவதற்கு நாள் எடுத்தது. இளம் வயது. மாடும் ஆடும்தான் தனக்குப் பழக்கம், குதிரையைப் படிக்கும்போது பார்த்ததோடு சரி என்று மறைக்காமல் சொன்னார். தன்னைப் படிப்பித்தவரோடு தொலைபேசியில் கதைத்துக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். அன்று சனிக்கிழமை. பத்மாவுக்குக் காங்கேசன்துறையில் ஒரு கலியாண வீட்டுக்காரரைச் சந்திக்க வேண்டியிருந்தது. "மச்சாள், டொக்டர் வந்தால் நீங்கள் ஒருக்கா நிண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னிடம் உதவி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

டொக்டர் ஆரணியைக் குதிரையின் தலைப்பக்கம், தோளோடு ஒட்டி நிற்கச் சொன்னார். "முன்னுக்கு நிக்காதை தங்கச்சி, காலை வீசினால் உனக்குத்தான் படும்." பிறகு குளம்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தை ஸ்பிரிற் பஞ்சால் துடைத்தார். ஊத்தைப் பஞ்சு வெள்ளைப் பஞ்சாக வரும்வரை திரும்பத் திரும்பத் துடைத்தார். ஊசியோடு கிருமியும் உள்ளே போய்விடக் கூடாது என்றார். மெல்லிய ஊசி. காலின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கறுவா ஒரு தடவை தலையை எறிந்தது, அவ்வளவுதான்.

"டொக்டர், இதோடை சுகமாயிடுமோ?" என்று கேட்டேன். ஆரணி கறுவாவின் காதுக்குள் ஏதோ கதைத்துக்கொண்டு நின்றாள், எங்களைக் கவனிக்கவில்லை.

"இது மருந்தில்லை ரீச்சர். நோ எங்கை இருக்கெண்டு பிடிக்கிறதுக்கு. குளம்பின்ரை பின்பக்கத்தை மட்டும் விறைக்கப் பண்ணியிருக்கிறன். நொண்டுறது நிண்டால் நோ அங்கைதான். நிக்காட்டி மேலை தேடோணும்."

பத்து நிமிடம் ஆனதும் பேனாவின் முனையால் அந்தக் காலின் குதிப் பக்கத்தை அழுத்தினார். கறுவா அசையவில்லை. மற்றக் காலை அழுத்தினார், வெடுக்கென்று தூக்கியது. பிறகு நடத்தச் சொன்னார். அதுதான் அந்த மூன்று பத்து.

ஆரணி தண்ணீர் வாளி எடுக்கப் போன நேரம் டொக்டருக்குத் தொலைபேசி வந்தது. பண்டத்தரிப்பில் ஒரு பசு கன்று போடமுடியாமல் கிடக்கிறதாம், கன்றின் கால் மடங்கி நிற்கிறதாம். பையைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"கொட்டிலிலை கட்டிப்போடுங்கோ ரீச்சர். விறைப்புப் போக ரெண்டு மூண்டு மணித்தியாலம் செல்லும். அதுவரைக்கும் வெளியிலை விடாதேங்கோ. ஆரும் ஏறவே கூடாது. கல்லு, ஆணி ஒண்டும் அந்தக் காலுக்கு இப்ப தெரியாது. எங்கை வைக்கிறன் எண்டும் வடிவாத் தெரியாது. எலும்பிலை வெடிப்பு இருக்கிற மாதிரித் தெரியேல்லை, இருந்தால் ஊசியே போட்டிருக்க மாட்டன். ஆனால் எக்ஸ்ரே படம் எடுக்கிற வரைக்கும் சத்தியம் பண்ணேலாது. இருந்துதெண்டால், நோகாமல் முழுப்பாரத்தையும் போட்டு முறிச்சுப்போடும். நான் பின்னேரம் வாறன்."

"ஓம் டொக்டர்" என்றேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

சந்தி மட்டும்

அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டவில்லை, ஆரணி பத்மாவுக்கு அழைப்பு எடுத்துவிட்டாள். எனக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"மாமி, கறுவா நடக்குது! நொண்டேல்லை! அம்மா நிண்டு சுகப்படுத்திட்டா!"

"ஆர், கொம்மாவோ?" பத்மாவின் சிரிப்பு தொலைபேசியை உடைத்துக்கொண்டு வந்தது. "கொம்மா அதின்ரை வாலடிக்கும் போகமாட்டாவே! கறுவாதான் கொம்மாவைப் பாத்துப் பயந்து நடந்திருக்கும்."

ஆரணியும் சிரித்தாள். கோணாத வாயால், நல்ல வடிவாக.

"மாமி, ஒருக்கா ஏறட்டே? சந்தி மட்டும். ப்ளீஸ் மாமி."

"நான் இஞ்சை நிண்டு என்னத்தைச் சொல்லுறது? டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கொம்மாவைக் கேள். மச்சாள், நிக்கிறியளே? ஏறலாமோ?"

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒருத்தி காங்கேசன்துறையில், ஒருத்தி என் முன்னால், கன்னத்தில் தண்ணீர் தெறித்தபடி. குதிரை விஷயத்தில் என்னிடம் ஒரு பதில் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கூடாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆரணியின் முகம் சுருங்கும். "அம்மா இப்பிடித்தான்" என்பாள். பத்மா மறுமுனையில் சிரிப்பாள். சற்றுமுன் கிடைத்த அந்தக் கட்டிப்பிடிப்பும் அதோடு போய்விடும். ஒரு பின்னேரமாவது பயப்படாத அம்மாவாக இருக்க ஆசைப்பட்டேன். டொக்டரும் என்னைப் போல ஒரு பயந்த மனிசன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தி கூப்பிடு தூரம்தானே. நடைதானே.

"ஓம்" என்றேன். "சந்தி மட்டும்."

கவனம் என்று கூடச் சொல்லவில்லை.

தார் றோட்டில்

பத்மாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டுதான் ஆரணி ஏறினாள். அது பத்மா போட்ட சட்டம். கேற்றடியில் நின்று பார்த்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள். அந்த இரண்டு நிமிடமும் எனக்குப் பெருமையாக இருந்தது. பத்மா இதைப் பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன்.

ஒழுங்கை செம்மண். அதைத் தாண்டித் தார் றோட்டில் அவள் ஏறிய பிறகு நான் பின்னால் நடந்தேன். றோட்டில் ஈரமான வட்ட அடையாளங்கள் தெரிந்தன. வாளித் தண்ணீர் என்று நினைத்தேன். ஒன்று, பிறகு ஒரு இடைவெளி விட்டு இன்னொன்று. குனிந்து தொட்டேன். விரல் சிவந்தது.

ஒழுங்கையில் கிடந்த பழைய கூரை ஆணி ஒன்று குளம்பின் அடியில் ஏறியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஏறிய அந்தக் கணமே கால் மேலே எழும்பியிருக்க வேண்டும். நான் வருடா வருடம் கீறுகிற படம் அது. கறுவா காதை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, பதினொரு நாள் கட்டிக்கிடந்து வெளியே வந்த சந்தோஷத்தில், ஆணியை ஒவ்வொரு அடியிலும் இன்னும் உள்ளே ஏற்றிக்கொண்டு நடந்தது.

"ஆரணி! இறங்கு! இறங்கடி பிள்ளை!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "சும்மா இருங்கோ அம்மா! நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்!"

"ரத்தம்! கால்!"

காற்றில் அது அவளுக்குக் கேட்கவில்லை. பழைய அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். குதிக்காலால் ஒரு தட்டுத் தட்டினாள். கறுவா ஓட்டம் பிடித்தது.

மதகடியில் தார் உடைந்து ஒரு பள்ளம் இருக்கிறது. வலது கால் அதைத் தாண்டியது. இடது கால் விளிம்பு எங்கே என்று தெரியாமல் இறங்கி மடிந்தது. குதிரை முழந்தாளில் விழுந்தது. என் பிள்ளை அதன் கழுத்துக்கு மேலால் போய் மதகுக் கட்டோடு விழுந்தாள்.

எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தாள் என்று தெரியாது. நான் ஓடிய தூரம் முழுக்க அவள் அசையவில்லை. கிட்டப் போய் முழந்தாளிட்ட பிறகுதான் "அம்மா, கை" என்றாள்.

வெங்காயத் தறையிலிருந்து சின்னராசா அண்ணை மண் கையோடு ஓடிவந்தார். ஒரு ஓட்டோவை மறித்தார். இதற்குள் கறுவா தானே எழும்பி, அந்தக் காலையும் ஊன்றிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல றோட்டோரப் புல்லைக் கடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"உதென்ன ரீச்சர்! ஆணி தலைமட்டும் ஏறிக் கிடக்குது, உது புல்லுத் தின்னுது!"

"டொக்டர் விறைக்கிற ஊசி போட்டவர் அண்ணை."

"விறைச்ச காலெண்டு தெரிஞ்சுகொண்டோ பிள்ளையை ஏத்தினனீங்கள்?"

ஓட்டோக்காரர் என்னைப் பார்த்தார். ஆரணி என்னைப் பார்த்தாள்.

"ஏறக் கூடாதெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை."

"அம்மாவைப் பேசாதேங்கோ, அண்ணை" என்றாள் ஆரணி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவவுக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரியில்

காறையெலும்பில் ஒரு முறிவு, மணிக்கட்டில் ஒரு முறிவு. தலைக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெற்றின் ஒரு பக்கம் உரஞ்சிப் போயிருந்தது. இளம் எலும்பு, பொருந்திவிடும் என்றார்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கொடுத்துத் திறப்பித்தேன்.

கறுவாவின் பக்கம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சின்னராசா அண்ணை அதை மெல்ல மெல்ல நடத்தாமல், ஒரு சின்ன லொறி பிடித்து ஏற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். டொக்டர் பண்டத்தரிப்பிலிருந்து நேரே அங்கே வந்து, விறைப்பு இருக்கும்போதே ஆணியைக் கழற்றி, புண்ணைக் கழுவிக் கட்டி, ஏற்புவலி வராமல் தடுக்கிற ஊசியும் போட்டிருக்கிறார். ஆணி எலும்பைத் தொடவில்லை. சில நாள் கழித்து எடுத்த படத்தில் வெடிப்பும் இல்லை. கறுவா இன்றைக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

அந்த ஊசியைப் பற்றி ஊரில் பலர் பிழையாகக் கதைத்தார்கள். ஊசியில் பிழை இல்லை. சுத்தமாக, யோசித்து, இடம் அறிந்து போடப்பட்ட ஊசி அது. ஊசி போட்டதும் நொண்டல் நின்றால் சுகம் என்று நினைக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அந்தப் பின்னேரம் டொக்டர் எனக்கு ஏழு தடவை அழைப்பு எடுத்திருந்தார். தொலைபேசியைக் கைப்பைக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"அம்மா, கறுவாக்கு என்ன மாதிரி?"

"பாக்கினம் பிள்ளை. நீ படு."

"மாமி வருவாவோ?"

அந்த நேரத்திலும் எனக்குள் அது எரிந்தது. கையை முறித்துக் கிடத்தியது நான். கேட்பது அவளை.

"வருவா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"டொக்டர் ஏனம்மா உங்களுக்கு ஒண்டும் சொல்லாமல் போனவர்? அவர் நல்லவர் மாதிரியெல்லோ இருந்தவர்."

நான் போர்வையை இழுத்துவிட்டேன். ஏற்கெனவே சரியாகத்தான் கிடந்தது.

பார்வையாளர் நேரம் முடிய மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பத்மா வந்தாள். கலியாண வீட்டுக்கென்று உடுத்த சேலையின் கரை முழுக்க மண்ணும் மருந்தும். என்னைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போய் ஆரணியின் நெற்றியில் கை வைத்தாள். பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

"மாமி, அம்மாவோடை கோவிக்காதேங்கோ. அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பத்மா அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு பகிடிக்காகக் காத்திருந்தேன். உரத்த ஒரு பேச்சுக்காகவும் காத்திருந்தேன். அப்படி ஒன்று வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் எழும்பி வந்து என் முழங்கையைப் பிடித்துக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"டொக்டர் எனக்கு எல்லாம் சொன்னவர், மச்சாள். நான் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். அதை நீங்கள்தான் சொல்லோணும். போங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்."